நெல்லுக்குப் பழகிய கை

போன தை மாதம் ஒரு காலையில் எதிர்வீட்டுப் பெரியம்மா முந்தானையில் எதையோ பொதிந்து எடுத்துக்கொண்டு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பிரித்தார். உள்ளே நாலு தக்காளி, பாதி பழுத்தும் பழுக்காமலும்.

"தம்பி, இதப் பாரேன். மேல பாத்தா நல்லாத்தான் இருக்கு. திருப்பினா இப்படி."

திருப்பினேன். பூ ஒட்டியிருந்த அடிப்பக்கத்தில் பழைய எட்டணா அகலத்துக்கு வட்டமாகக் கறுத்துக் குழிந்திருந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். புழு இல்லை, நீர் வடியவில்லை, நாற்றமும் இல்லை. காய்ந்த தோல் மாதிரி தடித்துப்போயிருந்தது, அவ்வளவுதான். நாலு பழத்திலும் அதே இடத்தில் அதே கறுப்பு.

"என்ன மருந்து அடிக்கலாம்?"

"மருந்து இருக்கட்டும் பெரியம்மா. தண்ணி எப்ப விட்டீங்க?"

"மோட்டார் ரிப்பேரா கெடந்துச்சு, ஒரு வாரமா விடல. நேத்துதான் சரி பண்ணுனாங்க. செடி பாவம், காஞ்சு கெடக்கேன்னு பாத்தி ரொம்பி நிக்கிற மாதிரி விட்டேன்."

அந்தக் கறுப்புக்குக் காரணம் இந்தப் பதிலிலேயே இருந்தது. ஆறு வருடமாகக் கொல்லையில் தக்காளி வைக்கிறேன். எங்கள் பகுதியில் தக்காளிக்கு வரும் நோவுகளில் பாதிக்கு மேல் பூச்சியாலோ கிருமியாலோ வருவதில்லை. நெல்லுக்குப் பழகிய கை தக்காளிக்கும் அதே பழக்கத்தில் தண்ணீர் விடுவதால் வருகிறது. இதை அந்தப் பெரியம்மாவைக் குறை சொல்ல எழுதவில்லை. முதல் இரண்டு வருடம் நானும் இதையேதான் செய்தேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றங்கரையில். சுற்றிலும் வயல். மண்ணை மழைக்காலத்தில் பிடித்தால் கையில் அப்பிக்கொள்ளும், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். கொள்ளிடத்துப் படுகையில் இருப்பவர்களுக்கு வண்டல் மண். காய்கறி அங்கே கேட்காமலே வரும். எங்களுக்குக் களிமண். கொல்லையில் கத்தரி, வெண்டை, அவரை, புடலை எல்லாம் தலைமுறையாக இருந்தன. தக்காளி மட்டும் சந்தைச் சரக்கு. ஒட்டன்சத்திரத்திலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ லாரியில் வரும். அதனால் கத்தரிக்கு என்ன வேண்டும் என்று எங்கள் அப்பாயிக்குத் தெரிந்த மாதிரி தக்காளிக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. 2023 ஆடியில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோதுதான் தெருவில் வீட்டுக்கு வீடு நாற்று வாங்கினார்கள். அதில் முக்கால்வாசி அந்த ஐப்பசி மழையோடு போய்விட்டது.

நெல்லின் வேரிலும் தண்டிலும் காற்றுப்போக சின்னச் சின்னக் குழாய்கள் உண்டு. இலை வழியாக வாங்கும் காற்றை அந்தக் குழாய்கள் சேற்றுக்குள் இருக்கும் வேர் வரைக்கும் கொண்டுபோகும். அதனால்தான் தண்ணீர் கட்டிய வயலில் அது குஷியாக நிற்கிறது. தக்காளிக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அதன் வேர் மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றை நம்பித்தான் இருக்கிறது. இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேர் மூச்சுமுட்டுகிறது. மூச்சுமுட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் தண்ணீர் நிற்க, இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து செடி துவண்டு தொங்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது தாகம் மாதிரியே தெரியும். இன்னும் ஒரு குடம் ஊற்றுவார்கள். முதல் வருடம் என் செடிகளில் ஏழு இப்படித்தான் போயின. கடைசி நாள் வரைக்கும் ஊற்றிக்கொண்டேதான் இருந்தேன்.

அதனால் செடி துவண்டால் முதலில் மண்ணைத் தொட வேண்டும். நடுவிரலை இரண்டு கணு ஆழம் செருகிப் பாருங்கள். உள்ளே ஈரம் விரலில் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மேல்மண் காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. களிமண் மேலே வெடித்திருக்கும்போதே உள்ளே சேறாக இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு எந்தச் செடியும் கொஞ்சம் தலை கவிழும். அதை நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் காலை ஆறு மணிக்கும் நிமிராமல் கிடந்தால்தான் யோசிக்க வேண்டும்.

சரி, பெரியம்மாவின் கறுப்புக்கு வருகிறேன். இதை நுனி அழுகல் என்பார்கள். பெயரில் அழுகல் இருந்தாலும் இது தொற்றுநோய் அல்ல, அடுத்த செடிக்குப் பரவாது. காய் வேகமாகப் பருக்கிற நாட்களில் அதன் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. நம் களிமண்ணில் பெரும்பாலும் அந்தச் சத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அது தண்ணீரோடு மட்டும்தான் செடிக்குள் ஏறும். ஏறுகிற தண்ணீரையும் இலைகள்தான் முந்திக்கொண்டு இழுக்கும், காய்க்குக் கிடைப்பது மிச்சம்தான். ஒரு வாரம் காயப்போட்டு ஒரே நாளில் முக்கினால் அந்த மிச்சமும் இல்லை. காய்ந்த வாரத்தில் ஏற தண்ணீர் இல்லை, முக்கிவிட்ட நாளில் அதை ஏற்றிவிட வேர் இல்லை.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். நானும் ஒரு டப்பா நிறையச் சேர்த்துப் போட்டேன். ஓடு மண்ணில் கரைந்து சேர மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் காய்ப்பே முடிந்துவிடும். சத்தை இலையில் தெளித்தாலும் இலையிலிருந்து காய்க்கு இறங்காது. எனக்குப் பலித்தது வைக்கோல்தான். அறுப்பு முடிந்த வயலிலிருந்து இரண்டு கட்டு கொண்டுவந்து, செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டேன், தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விட்டு. அடியில் ஈரம் ஒரே சீராக இருந்தது. தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை, செடிக்கு ஒரு சொம்பு இரண்டு சொம்பு என்று அளந்து ஊற்றினேன். முதல் கொத்தில் கறுத்த காய்களைக் கிள்ளி எறிந்தேன். இரண்டாம் கொத்திலிருந்து ஒன்றுகூடக் கறுக்கவில்லை.

யூரியாவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நெல் வீடுகளில் மூட்டையின் அடியில் எப்போதும் கொஞ்சம் கிடக்கும், போகிற போக்கில் ஒரு பிடி அள்ளித் தக்காளிக்கும் போட்டுவிடுவார்கள். செடி கருகருவென்று இடுப்பு உயரம் வளரும், பூ அதிகம் வராது. வந்த காயிலும் நுனி அழுகல் கூடும். இலை அழகாக இருப்பதால் தப்பு நடந்திருப்பதே தெரியாது. மக்கிய தொழுவுரம் போதும், கூட ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு.

அடுத்தது இலை சுருளுவது. தெருவில் யாருடைய செடியில் இலை சுருண்டாலும் "வைரஸ்" என்று சொல்லிப் பிடுங்கிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள், சுருளுவதில் மூன்று வகை எனக்குத் தெரியும், மூன்றுக்கும் முகம் வேறு.

அடி இலைகள் மட்டும் நீளவாக்கில் மேல்நோக்கிச் சுருண்டு, தொட்டால் மொடமொடப்பாக, ஆனால் பச்சையாகவே இருந்து, உச்சிக் குருத்து நன்றாக வளர்ந்துகொண்டிருந்தால் அது வெயிலுக்கும் ஈர மாற்றத்துக்கும் செடி செய்துகொள்கிற தற்காப்பு. விட்டுவிடலாம்.

உச்சிக் குருத்தே சிறுத்து, மஞ்சள் ஓரம் கட்டி, கிண்ணம் மாதிரி குழிந்து, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாகி நின்றுபோனால் அது இலைச்சுருட்டு வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. செடியை லேசாகத் தட்டினால் மாவு பறக்கிற மாதிரி பறக்கும். வந்த செடிக்கு மருந்து கிடையாது. காலையில் ஈ மந்தமாக இருக்கும்போது ஒரு பையைக் கவிழ்த்து மூடி, வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். வருமுன் காப்பதுதான் வழி. நாற்றுப் பருவத்தில் பிடித்தால் காயே பார்க்க முடியாது என்பதால் நாற்றுத் தட்டை நான் பழைய மல் வேட்டித் துணியால் கூண்டு கட்டி மூடி வைக்கிறேன். கொசுவலைக் கண்ணுக்குள் வெள்ளை ஈ நுழைந்துவிடும். நட்ட பிறகு வாரம் ஒருமுறை சாயங்காலத்தில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்பு, இலையின் அடிப்பக்கம் நனைய.

மூன்றாவதுதான் எங்கள் பகுதிக்கே உரியது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. 2022 மார்கழி. இருபது செடி, முதல் கொத்தில் பூ. அப்பாவின் கைத்தெளிப்பானை எடுத்து வேப்பெண்ணெய் அடித்தேன். மறுநாள் காலை போனால் எல்லாச் செடியின் உச்சியும் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தது, யாரோ கையால் பிடித்து முறுக்கிவிட்ட மாதிரி. நாலைந்து நாளில் வந்த புது இலைகள் இலையாகவே இல்லை. ஒடுங்கி, நரம்பெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கோடு போட்டது போல ஓடி, விளிம்பு நூலாக நீண்டு, பெரணி இலை மாதிரி. வைரஸ் என்றுதான் நினைத்தேன். ஆனால் வைரஸ் ஒரு செடியில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போகும். இருபது செடிக்கும் ஒரே ராத்திரியில் வராது.

திண்ணையில் உட்கார்ந்து வேப்பெண்ணெயைத் திட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார், "எந்த டாங்க்குல அடிச்ச?" தாளடி நெல்லுக்குக் களைக்கொல்லி, 2,4-டி, அடித்த டாங்க் அது. அகன்ற இலைக் களையைக் கொல்வதற்கென்றே உள்ள மருந்து. நெல் புல் இனம், அதனால் தாங்கிக்கொள்ளும். தக்காளி அகன்ற இலைச் செடிதானே. அதிலும் இந்த மருந்துக்குத் தக்காளி மாதிரி நோகிற செடி குறைவு, குழாயில் ஒட்டியிருந்த மிச்சமே போதும். இரண்டு தடவை அலசியிருந்தேன், போதவில்லை. அப்பா அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் கும்பகோணம் போய் ஒரு சின்னக் கைத்தெளிப்பான் வாங்கிவந்து, அதன் மேல் சுண்ணாம்பால் "கொல்லை" என்று எழுதி வைத்தார். இன்றைக்கும் அது தனியாகத்தான் தொங்குகிறது.

டாங்க் மட்டும் இல்லை. பக்கத்து வயலில் அடிக்கும்போது காற்று நம் பக்கம் வீசினாலும் இதே கதிதான். சம்பா, தாளடி களைக்கொல்லி அடிக்கிற நாட்களும் தக்காளி நாற்று நடுகிற நாட்களும் ஒட்டியே வருவதால், வயல் ஓரத்தில் வீடு இருப்பவர்கள் அடிக்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. காற்று எழும்பாத விடிகாலையில் அடித்துக்கொடுப்பார்கள், சொன்னால் கேட்கிறவர்கள்தான். லேசாகப் பட்டிருந்தால் செடி மூன்று வாரத்தில் நல்ல இலை விட்டுத் தேறும். என் இருபதில் எட்டு தேறின.

இதற்கெல்லாம் மேலே, ஒரு செடி பச்சையாகவே, ஒரு இலைகூட மஞ்சளாகாமல், இரண்டே நாளில் சுருண்டு விழும். மண்ணில் ஈரம் சரியாக இருக்கும், ராத்திரியிலும் நிமிராது. அப்படி விழுந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். தரையை ஒட்டித் தண்டை வெட்டி, ஒரு சாண் துண்டை எடுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் படும்படி பிடியுங்கள். அசைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் ஒன்று, சோற்றுக்கஞ்சியை இழை விட்டது போல, நேராகக் கீழே இறங்கும். அது பாக்டீரியா. வாடல் நோய்.

முதல் தடவை அந்த நூல் இறங்குவதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம், இது மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும். தக்காளியோடு நிற்காது, கத்தரி, மிளகாய், நாம் கீரைக்கு வளர்க்கும் மணத்தக்காளி எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றுக்கும் வரும். அந்த இடத்தில் இந்தக் குடும்பத்துச் செடி எதையும் மூன்று வருடமாவது வைக்காமல் இருப்பதே நல்லது. வெண்டையோ சோளமோ கீரையோ வைக்கலாம். கொல்லை சின்னது, வேறு இடம் இல்லை என்கிறவர்கள் பையில் மண் நிரப்பி வளர்க்க வேண்டியதுதான். பையில் நிரப்ப நெல் வயல் மண் நல்லது. மாதக்கணக்கில் தண்ணீர் கட்டிய மண்ணில் இந்தக் கிருமி குறைந்துவிடும். ஆனால் அது சேறடித்த மண், இறுகிக்கொள்ளும். ஆற்று மணல் கலக்கச் சொல்வார்கள். நம் ஆறுகள் இருக்கிற இருப்பில் ஒரு கூடைகூட அள்ள எனக்கு மனம் வராது. ரைஸ் மில்லில் கிடக்கும் கருகிய உமி அதே வேலையைச் செய்யும். மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, கருகிய உமி ஒரு பங்கு என்று கலக்கிறேன். அடியில் துளைகள் தாராளமாக இருக்கட்டும்.

கத்தரி வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையும் உண்டு. தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் வாடல் நோய்க்கும் வெள்ளம் நிற்கும் நிலத்துக்கும் இதைத்தான் சிபாரிசு செய்கிறது. தக்காளியைவிடக் கத்தரி வேர் தண்ணீரைத் தாங்கும். எங்கள் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பத்து நாற்று கட்டிப் பார்த்தேன், மூன்று பிடித்தது. இந்த வருடம் இன்னும் பொறுமையாகச் செய்யப்போகிறேன்.

பூ கொட்டுவதற்கு மருந்து கேட்கிறவர்கள் அதிகம். பங்குனி, சித்திரையில் பூத்தால் கொட்டத்தான் செய்யும். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் ஒழுங்காகத் திரளாது. ராத்திரி சூடும் முக்கியம். 21 டிகிரிக்கு மேலே போகப் போகக் காய்ப்பிடிப்பு குறையும். நம் பக்கம் அந்தக் குளிர்ச்சிக்குப் பக்கத்திலாவது வருவது மார்கழியும் தையும்தான். அதனால் கணக்கை அங்கிருந்து பின்னால் போட வேண்டும். ஐப்பசிக் கடைசியில் கூரை நிழலில் தட்டில் விதைத்து, கனமழை ஓய்ந்ததும் கார்த்திகைக் கடைசியில் மேட்டுப்பாத்தியில் நட்டால், பூ மார்கழிக் கடைசியில் வரும், பழம் மாசி முழுக்க. பாத்தி முக்கால் அடியாவது உயர வேண்டும். வைகாசியில் நடச் சொல்லும் அட்டவணையும் உண்டு. எங்கள் களிமண்ணில் எனக்கு அது ஒத்துவரவில்லை.

நல்ல பருவத்திலும் பூ நின்று காயாகாமல் போனால், காலை எட்டு ஒன்பது மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரல் நகத்தால் நாலு தடவை சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூவில் மகரந்தம் மஞ்சள் கூம்புக்கு உள்ளே இருக்கிறது, அதிர்ந்தால்தான் கொட்டும். கொம்புத்தேனீயால் அது முடியாது. கறுத்த மரவண்டும், வயிற்றில் நீலக்கோடு போட்ட ஒரு சின்னத் தேனீயும் பூவைக் கவ்விப் பிடித்து உடம்பை அதிரவைக்கும், ரீங்காரம் சட்டென்று மாறும். அந்த நீலக்கோட்டுத் தேனீயை முதன்முதலில் பார்த்த காலையில் வேலைக்குக் கிளம்ப அரைமணி நேரம் தாமதமாகிவிட்டது. அது வருகிற கொல்லையில் பூச்சிமருந்து அடிக்க எனக்குக் கை வராது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடி இலையில் வெட்டிய மரத்தின் வளையம் போல வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் இலைக்கருகல். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, தண்ணீரை இலையில் படாமல் ஊற்றினால் பெரும்பாலும் அடங்கும், வைக்கோல் மூடாக்கு மண் தெறிக்காமல் தடுக்கும். காயில் ஓட்டை போட்டுத் தலையை உள்ளே விட்டு உடம்பை வெளியே வைத்துக்கொண்டிருப்பது காய்ப்புழு. காலையில் கையால் எடுத்துவிடலாம், ஓரத்தில் நாலு செண்டுமல்லி வைத்தால் அந்தப் பூச்சி முட்டையிட அங்கே போகும். பழம் வெடிப்பது, காய்ந்த மண்ணுக்குத் திடீர்த் தண்ணீர் கிடைத்ததால். பெரியகுளம் தந்த பிகேஎம் 1 ரகத்தில் காம்புப் பக்கம் பச்சையாக இருப்பது அந்த ரகத்தின் குணம், நோய் அல்ல. பங்குனி வெயிலில் பழம் சிவக்காமல் ஆரஞ்சாகவே நிற்கும், 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறம் சரியாக ஊறாது. அடியில் லேசாக நிறம் திரும்பியதும் பறித்து வீட்டுக்குள் வைக்கோலில் வைத்தால் நன்றாகச் சிவக்கும்.

பெரியம்மாவோடு அன்றைக்கே அவர் கொல்லைக்குப் போனேன். பாத்தியில் இன்னும் தண்ணீர் நின்றது. ஒரு ஓரத்தை வெட்டி வடியவிட்டோம். கறுத்த காய்களைக் கிள்ளினோம். அவருக்கு மனசே வரவில்லை, "நல்லாருக்குற பாதிய அரிஞ்சு கொழம்புல போடலாம்ல?" என்றார். தாராளமாகப் போடலாம். அப்படியே போட்டார்.

மாசி மகத்துக்கு மறுநாள் வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், வாய் வரைக்கும் பழம். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி அடியைக் காட்டினார். எல்லாம் சுத்தமாக இருந்தன.

"உங்க வயல்ல அறுப்பு என்னைக்கு தம்பி?"

"வர்ற வெள்ளிக்கெழம பெரியம்மா."

"எனக்கு ரெண்டு கட்டு வைக்கோல் எடுத்து வையி. மாட்டுக்கு இல்ல, செடிக்கு."